கணக்குக்கு ஒரு யன்னல்

வீட்டுக்கு யன்னல் தெரிவுசெய்வது பெரிய வேலை இல்லை. வீட்டுக்காரருக்குக் காற்று வேண்டும், வீட்டுக்காரிக்குத் தான் வெளியே தெரியாமல் தெருவைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கடைக்கும் கிட்டங்கிக்கும் கந்தோருக்கும் தெரிவுசெய்வதுதான் வேலை. வெங்காயம் அடுக்கும் கிட்டங்கிக்குக் காற்று வேண்டும், வெயில் கூடாது. கருவாட்டுக் கிட்டங்கிக்கு எந்தப் பக்கம் யன்னல் வைத்தாலும் அந்தப் பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வருவான். புடவைக் கடைக்காரர் வடக்கு வெளிச்சம் கேட்பார், வெயில் பட்ட சேலை ஒரு மாதத்தில் பழசாகிவிடும் என்பதால். நகை செய்பவருக்கு ஒரேயொரு யன்னல் போதும், அதுவும் ஆள் நுழைய முடியாத அளவில். ஒரு கட்டடத்துக்குள் போய் நடுவில் நின்று மூச்சை இழுத்தாலே எந்தச் சுவரை உடைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். திருகோணமலைக் கடைத்தெருவில் அதை நம்பவும் ஆட்கள் இருந்தார்கள்.

நான் வேலை செய்தது கிண்ணியாக்காரர் ஒருவரிடம். கட்டடக் கொந்தராத்து எடுப்பவர். கண்டி வீதியில், பட்டினத்துக்கு ஒன்றரை மைல் இப்பால், மரம் அடுக்கி அரிந்து விற்கிற மரக்காலை ஒன்று அவருக்கு இருந்தது. கிண்ணியாவில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, பெரியவர் சிறியவர் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சுவர் மேசன்மாரின் பாடு, கூரை ஓடாவியாரின் பாடு, யன்னல் மட்டும் என் பாடு என்று அவர் பிரித்துத் தந்திருந்தார். கடைக்காரரோடு கதைத்து, இடம் பார்த்து, அளவெடுத்து, எந்த மரம், எந்தப் பக்கம் திறக்கும், பலகையா கண்ணாடியா கம்பிவலையா என்று தீர்மானித்து ஓடாவியாரிடம் கொண்டுவந்து கொடுப்பேன். ஓடாவியார் மரவேலைக்காரர். வள்ளமும் கட்டுவார், யன்னலும் செய்வார். இரண்டையும் ஒரே கடுத்த முகத்தோடுதான் செய்வார்.

உலகச் சண்டை தொடங்கியபோது எங்கள் ஊருக்கு அது முதலில் வியாபாரமாகத்தான் வந்தது. துறைமுகம் கப்பலால் நிறைந்தது. கப்பலில் இருப்பவர்களுக்கு முட்டை வேண்டும், ஆடு வேண்டும், வாழைக்குலை வேண்டும், வெங்காயம் வேண்டும். இதையெல்லாம் கொடுத்துவந்த முதலாளி ஒருவர் துறைமுகத்தைப் பார்த்த வீதியில் புதிதாகக் கட்டடம் எழுப்பினார். முன்னுக்குக் கடை, பின்னுக்குக் கிட்டங்கி, இடையில் கந்தோர். என் தம்பி அவருடைய கந்தோரில்தான் கிளாக்கராக இருந்தான். கப்பலுக்குப் போகிற சாமான்களின் பட்டியலை இங்கிலீசில் எழுதுவது அவன் வேலை. முத்து முத்தாக எழுதுவான். இது கையால் எழுதியதா அச்சடித்ததா என்று ஒரு வெள்ளைக்காரன் கேட்டானாம். அதை முதலாளியே போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். தம்பிக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவன் என்னோடும் என் மனைவியோடும் இருந்தான்.

அந்தக் கட்டடத்துக்கு நான் ஏழு யன்னல் வைத்திருந்தேன். சுவர் இடுப்பளவு எழும்பியபோது முதலாளி வந்தார். கைத்தடியால் ஒவ்வொரு இடைவெளியாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போய் ஏழில் நின்றுவிட்டார். ஒற்றைப்படையில் யன்னல் இருக்கிற கட்டடத்தில் தொழில் தங்காது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அவருக்கு மட்டுமல்ல, ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான், கதவும் யன்னலும் இரட்டைப்படையில் வரவேண்டும். ஒன்றைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். காற்றை ஏன் குறைக்கிறாய் என்று ஏசினார். ஒன்றைக் கூட்டவேண்டும், எங்கே என்பது என் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கே என்பதை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கந்தோரில் தம்பிக்கு ஒதுக்கியிருந்த மூலை இருட்டு. பழைய கட்டடத்திலும் அவனுக்கு இருட்டு மூலைதான். முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுதுவான், பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். அவனுடைய மேசை வரப்போகிற இடத்துக்கு நேரே துறைமுகப் பக்கத்துச் சுவரில் எட்டாவது யன்னலை வைத்தேன். மற்ற ஏழும் முதிரைப் பலகை. இதற்கு மட்டும் கண்ணாடி என்று எழுதிக் கொடுத்தேன். காக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கடல் பக்கத்துக்குக் கண்ணாடி ஆகாது, உப்புக் காற்று அடிக்கும், பலகையைப் போடுங்கள் என்று சொன்னார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. யன்னல் என் பாடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் தந்தார்.

ஆறு கண்ணாடி போட்ட இரட்டைக் கதவு. அதைக் கொளுவிய நாள் நான் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். பலகை என்றால் காற்றை அடைக்கும்போது வெளிச்சமும் போய்விடும், கண்ணாடி என்றால் காற்றை வெளியே விட்டுவிட்டு வெளிச்சத்தை வைத்துக்கொள்ளலாம், தாள் பறக்காது, விளக்கும் தேவையில்லை. முதலாளிக்கு எட்டு வந்ததில் சந்தோஷம், எதில் செய்தது என்று அவர் பார்க்கவும் இல்லை. தம்பி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இங்கிருந்து பார்த்தால் கப்பலின் பெயரைக்கூட வாசிக்கலாம் என்றான். முதலாளியின் கணக்குக்காக வைத்த யன்னல் என்று சொன்னேன். உனக்காகத்தான் அந்த இடத்தில் வைத்தேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை.

ஜப்பான்காரன் வந்தது சித்திரை வருஷப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது. காலை நேரம். நான் மரக்காலையில் பலகை புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் வந்தது, பிறகு நிலம் ஆடியது, பிறகு சீனக்குடாப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. காக்காவும் ஓடாவியாரும் நானும் மர அடுக்குக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தோம். காக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். என் மூக்குக்கு நேரே கிடந்த பலகையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இதைக் கழிக்கவேண்டும், இது கதவுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அதை நினைத்துப் பிறகு பல வருஷம் வெட்கப்பட்டிருக்கிறேன்.

பட்டினத்துக்கு ஓடினேன். எதிரே பட்டினம் முழுவதும் கண்டி வீதியால் வந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏற்றியதும், தலையில் வைத்ததும், இடுப்பில் வைத்ததும். ஒரு பெண் வருஷத்துக்குச் சுட்ட பலகாரத்தைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள். முதலாளியின் கட்டடம் அப்படியே நின்றது. கடை இன்னும் திறக்காததால் ஏழு பலகை யன்னலும் சாத்தியபடி இருந்தன, ஒரு பிணைச்சல்கூடக் கழலவில்லை. தம்பி அன்று வெள்ளனவே போயிருந்தான். ஒரு கப்பலுக்குப் பட்டியல் முடிக்க இருந்தது. கடற்காற்று தாளைப் பறக்கவைத்ததால் கண்ணாடி யன்னலைச் சாத்திவிட்டு எழுதிக்கொண்டிருந்தான். நான் விளக்கம் சொன்னபடிதான் செய்திருந்தான். குண்டு விழுந்தது துறைமுகத்துக்குள், கட்டடத்தில் அல்ல. அதிர்வு மட்டும்தான் வீதிவரைக்கும் வந்தது, கண்ணாடிக்கு அது போதும்.

வெங்காய மூட்டையில் சாய்ந்து தரையில் இருந்தான். யாரோ ஒரு சாரத் துணியைச் சுருட்டி அவன் முகத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் காலடி அவனுக்குத் தெரியும்போல, அண்ணனா என்று கேட்டான். ஓம் என்றேன். மேசையில் பட்டியல் பாதியில் கிடந்தது. கண்ணாடித் துண்டுகளை யாராவது தட்டிவிட வேண்டும், தாள் கிழிந்துவிடும் என்று நினைத்தேன்.

இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணைக் காப்பாற்றலாம் என்று சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். லொறியில் ஏற்றும்போது அவன் கையைப் பிடித்தேன், பிறகு லொறி போனது. என் மனைவி தன் சொந்தக்காரரோடு தம்பலகாமத்துக்குப் போயிருந்தாள். நானும் போனேன். வருஷம் பிறந்தது. அவளுடைய பெரியம்மா வீட்டில் பொங்கிப் படைத்தார்கள், நானும் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்றே ஞாபகம். நித்திரையும் வந்தது. அழவில்லை. மனைவி இரண்டு மூன்று முறை என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாள். எனக்குள் ஒன்றும் இருக்கவில்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் மறைக்கவும் இல்லை. நெடுநேரம் சப்பாணி கட்டி இருந்தவனுடைய காலைப்போல முழு உடம்பும் இருந்தது. என்னுடையதுதான், ஆனால் கிள்ளினால் தெரியவில்லை.

ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது என் வேலைதான் முதலில் தொடங்கியது. கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன, கண்ணாடிதான் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காக்காவிடம் வந்தார்கள், காக்கா என்னை அனுப்பினார். நான் போய் நடுவில் நிற்பேன். மூச்சை இழுப்பதில்லை. என்ன யன்னல் போடலாம் என்று கேட்பார்கள். பலகை என்பேன். அளவெடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவேன். அங்கேயும் பலகைதான்.

புடவைக் கடைக்காரர் வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்க்காமல் நீலத்தையும் கறுப்பையும் பிரிக்க முடியவில்லை என்றார். தையற்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீதியோரத்தில் வந்து இருந்தார். தேத்தண்ணிக்கடைக்காரர் பட்டப்பகலில் லாம்பு கொளுத்தினார், மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில். நான் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன், கண்ணாடி வருவதில்லை, சண்டை முடியட்டும் என்று. அது பொய். கண்ணாடி வருவதில்லை என்பது உண்மை, ஆனால் சண்டைக்கு முன் வந்த ஒரு பெட்டி மரக்காலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் நான் போவதில்லை. விமானத்துக்குப் பயந்து இரவில் போட்ட இருட்டடிப்புக்கும் பலகைதான் நல்லது, வெளிச்சம் வெளியே போகாது என்று ஆட்கள் தாங்களே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். என்னை முன்யோசனைக்காரன் என்று புகழ்ந்தவர்களும் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஒரு நாள் காக்கா என்னைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். "தம்பி, ஊரையே பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டீங்க," என்றார். "ஒரு கண்ணுக்கு எத்தின கடைய மூடுவீங்க?" நான் அளவுத் தாளை மடித்துக்கொண்டு எழும்பினேன். அவர் என்னை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

முதலாளியின் கட்டடத்தை மட்டும் நான் அளவெடுக்கவில்லை. அவர் கந்தளாயில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தபோதே ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போய், எட்டாவது யன்னல் இருந்த ஓட்டையைச் செங்கல்லால் கட்டினேன். உள்ளே சாந்து பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. அந்த மூலை பழையபடி இருட்டானது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கொஞ்சம் சுகமாக இருந்தது. மாதக்கணக்கில் நான் உணர்ந்த ஒரே விஷயம் அதுதான்.

முதலாளி வந்தார். கைத்தடியால் தொட்டு எண்ணினார். ஏழு. நின்றுவிட்டார். இத்தனை குண்டு விழுந்தும் தன் கட்டடம் தப்பியது எட்டு யன்னல் இருந்ததால்தான் என்று அவர் கந்தளாய் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தன் கிளாக்கரின் கண் போனதும் அதே எட்டால்தான் என்பது அவர் எண்ணத்தில் ஓடவில்லை, ஓடியிருந்தாலும் அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். மரியாதையாக எட்டாவதை வைக்கச் சொன்னார். ஒரு கிழமை தவணை தந்தார். வேறு சுவரில் வைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். கிட்டங்கிச் சுவர்களில் கூரைவரைக்கும் மூட்டை, முன் சுவர் முழுவதும் கதவு. அந்த ஒரு மூலையைத் தவிர இடம் இல்லை.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஓடாவியாரிடம் ஒரு நிலையும் இரட்டைக் கதவும் செய்யச் சொன்னேன். முதிரை மரம், பித்தளைக் கொண்டி, பிணைச்சல், எல்லாம் முறையாக. யன்னலுக்குப் பின்னால் கம்பி போடவா வலை போடவா என்று அவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், பின்னால் சுவர் என்றேன். அவர் உளியைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். பிறகு உளியை எடுத்துக்கொண்டார். பூசிய சுவரின் மேலேயே நிலையை அறைந்தேன், கதவைக் கொளுவினேன், மற்ற ஏழுக்கும் அடித்த அதே பச்சை வர்ணத்தை அடித்தேன். வெளிப்பக்கம் நேவிக்காரர் முள்ளுக்கம்பி போட்டிருந்ததால் அங்கே நின்று அந்தச் சுவரைப் பார்க்க ஒருவருக்கும் ஏலாது. முதலாளி உள்ளே நின்று எண்ணினார். எட்டு என்று சத்தமாகச் சொன்னார். திறந்து பார்க்கக் கையை நீட்டினார், வர்ணம் காயவில்லை என்றேன். கையை எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த யன்னல்களில் மிகவும் நேர்த்தியான யன்னல் அது.

ஆவணி மாதம் தம்பி திரும்பி வந்தான். மெலிந்திருந்தான். இடக்கண்ணின் மேல் ஒரு துணி கட்டியிருந்தான். வலக்கண் பரவாயில்லை, வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது, மங்கலில்தான் எழுத்து ஓடுகிறது என்றான். மனைவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பயணம் எப்படி என்று கேட்டேன். அவன் எனக்கு இடப்பக்கமாக இருந்து சாப்பிடுவான், அப்படி இருந்தால் நல்ல கண்தான் என் பக்கம் இருக்கும். அவன் அதை எனக்காகச் செய்தான் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் நான் தட்டைத்தான் பார்த்துச் சாப்பிட்டேன்.

முதலாளி ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. அவன் இல்லாத காலத்தில் வேறொருவன் முன் கடையில் இருந்து எழுதிய பட்டியல்களில் கப்பல்காரருக்குத் திருப்தி இல்லை. ஒரு கிழமை எழுதிப் பார்க்கட்டும், பட்டியலில் பிழை வராவிட்டால் வேலையில் இருக்கட்டும், பிழை வந்தால் எனக்குக் கப்பல் வியாபாரம் போய்விடும், பிறகு என்னிடம் கோபிக்கக்கூடாது என்றார். தம்பிக்கு இங்கிலீசில் அழகாக எழுதுவதைத் தவிர வேறு தொழில் இல்லை. வலைக்குப் போகமாட்டான், வயலுக்கும் போகமாட்டான். ஒரு கண்ணோடு வேறு யார் அவனைக் கிளாக்கராக எடுப்பார்கள். அந்த ஒரு கிழமைதான் அவனுக்கு இருந்தது.

முதல் நாள் நானும் கூடப் போனேன். கிட்டங்கிக் கதவில் ஒரு கொண்டி இறுகிக் கிடக்கிறது என்று சாட்டுச் சொல்லிவிட்டுப் போனேன். அவன் தன் மேசையைத் தடவினான், கதிரையை இழுத்தான். மூலை இருட்டாக இருந்ததால் இயல்பாகவே யன்னல் பக்கம் திரும்பினான். கொண்டியை எடுத்தான். நான் பத்தடி தள்ளி நின்றேன், கையில் திருகாணி முடுக்கி. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் இரண்டு கதவையும் தன் பக்கம் இழுத்துத் திறந்தான்.

வெள்ளைச் சுவர். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். பிறகு தலையைத் திருப்பிக் கந்தோரில் வேறு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். முதலாளி முன் கடையில் நின்றார். தம்பி இரண்டு கதவையும் மெதுவாகச் சாத்தி, சத்தம் வராமல் கொண்டியைப் போட்டு, கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினான். என்னை அவன் பார்க்கவில்லை. நான் கிட்டங்கிக் கதவில் பழுதொன்றும் இல்லாத கொண்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு கிழமை அப்படி எழுதினான். ஒவ்வொரு நாளும் ஏதாவது சாட்டில் அந்தப் பக்கம் போய்வந்தேன். அவன் தலை ஒவ்வொரு நாளும் தாளுக்கு இன்னும் கிட்டப் போயிருந்தது. மூன்றாம் நாள் யன்னலைத் திறக்காமல் ஏன் இருக்கிறாய், மேசையை முன்பக்கம் இழுக்கட்டுமா என்று முதலாளி கேட்டதாகவும், திறந்தால் தாள் பறக்கும், இந்த இடமே பழகிவிட்டது என்று இவன் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். வீட்டில் யன்னலைப் பற்றிக் கதையே இல்லை. நான் சொல்லாததை நினைத்து எனக்கு நித்திரை கெட்டிருக்கவேண்டும். கெடவில்லை. அதுதான் உண்மை.

ஆறாம் நாள் பட்டியல் பிழைத்தது. ஒரு வரி தவறிவிட்டது. முட்டைக்கு எழுதவேண்டியதை வெங்காயத்துக்கும், வெங்காயத்துக்கு எழுதவேண்டியதை ஆட்டுக்கும் எழுதிவிட்டான். அதைப் பார்த்துப் படகில் ஏற்றியவன் படகு நிறைய ஆட்டை ஏற்றினான். கப்பல் எடுக்கவில்லை, ஆடுகள் கத்திக்கொண்டு திரும்பி வந்தன. முதலாளி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. நாளைக்கு வந்து பேனை மையை ஒப்படைத்துவிட்டுப் போ தம்பி என்றாராம்.

பின்னேரம் நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கடற்கரை நெடுகிலும் முள்ளுக்கம்பி. கம்பிக்கு இப்பால் ஒரு கல்லில் இருந்தான், நானும் இருந்தேன். நான் அவனுக்கு இடப்பக்கம் இருந்துவிட்டேன், கவனிக்கவில்லை. அவன் எழும்பி மற்றப் பக்கம் வரவில்லை. அப்படியே இருந்தபடி கதைத்தான்.

"அந்தச் சுவரை நான் முதல் நாளே கண்டனான், அண்ணன்."

ஓம், தெரியும் என்றேன்.

"மேசைக்கு நேரை அந்த யன்னலை எனக்காகத்தான் வைச்சனீங்கள் எண்டும் தெரியும். முதலாளிக்கு எண்டால் எங்கையாவது ஒரு பலகையைப் போட்டிருப்பீங்கள்."

ஏன் அன்றைக்கே சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"நான் இருட்டிலை இருந்தால் உங்களுக்கு ஆறுதல் எண்டால், இருந்து பாப்பம் எண்டு நினைச்சன்," என்றான். "ஒரு கிழமைதான் எனக்கு ஏலுமாயிருந்தது."

நான் அவனைப் பார்த்தேன். துணி கட்டிய பக்கம்தான் என் பக்கம் இருந்தது. சித்திரையிலிருந்து அன்றுவரை அதை நான் நேராகப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தில் வடு கன்னம்வரை வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சமில்லாமல், வீதியில் போகிற நேவிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். முடிந்ததும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாள் வெள்ளனவே மரக்காலைக்குப் போனேன். காக்கா கணக்கப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, நான் ஒன்றும் கேட்காமலே, கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்த சாக்கை இழுத்தார். எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து ஊதித் துடைத்து வைக்கோலுக்கு நடுவே அடுக்கித் தந்தார். வண்டிவரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

சுவரை நானேதான் உடைத்தேன். பச்சைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, சாந்தைக் கொத்தி, செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து நின்றார். வெளிச்சம் ஒரு கல்லளவு உள்ளே வந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்தார், கழற்றிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாலை சுவரே இருந்தது?"

ஓம் என்றேன்.

"அப்ப இவ்வளவு நாளும் ஏழு."

பக்கத்தில் கிடந்த வெங்காய மூட்டையில் இருந்துவிட்டார். அவர் முகத்தில் நான் பார்த்தது கோபம் அல்ல, பயம். மாதக்கணக்கில் ஒற்றைப்படைக் கட்டடத்துக்குள் இருந்து தொழில் செய்திருக்கிறார். பிறகுதான் கோபம் வந்தது. பட்டியல் பிழைத்தது ஏன், ஆடு திரும்பி வந்தது ஏன் என்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு யன்னலுக்குள் இருந்து எழுதினால் எவன் எழுதினாலும் பிழைக்கத்தான் செய்யும், பொடியன் என்ன செய்வான், எல்லாம் என் வேலை என்று ஏசத் தொடங்கினார். என் தகப்பனையும் இழுத்தார். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஏசியிருப்பார். நான் செங்கல்லை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். காரணம் பிழை, ஆனால் ஏச்சு சரியான ஆளுக்குத்தான் வந்தது. பேனை மையோடு வாசலில் நின்ற தம்பியைக் கண்டதும் அவர் குரல் இறங்கியது. நீ போய் உன்ரை வேலையைப் பார், பிழை உன்னிலை இல்லை என்றார்.

மத்தியானம் பழைய சட்டத்தில் கண்ணாடி போட்டுக் கதவைக் கொளுவி முடித்தேன். முதலாளி தானே கையால் திறந்து, வெளியே தலையை நீட்டி, கடல் தெரிகிறதா என்று பார்த்து, பிறகுதான் எட்டு என்று சொன்னார். புடவைக் கடைக்காரருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்போல, அவரும் தையற்காரரும் வாசலில் வந்து நின்றார்கள். எங்களுக்கு எப்போது என்று கேட்டார்கள். பெட்டியில் இருக்கிறவரைக்கும் நாளைக்கே என்றேன். அபாயச் சங்கு ஊதினால் யன்னலை அகலத் திறந்துவிட்டுத் தூரப் போய்விட வேண்டும் என்றும் சொன்னேன். அதை முதல் தடவையே நான் தெரிந்து சொல்லியிருக்கவேண்டும்.

தம்பி கதிரையில் இருந்தான். அவனுக்கும் அதைச் சொன்னேன், ஓம் என்றான். இரண்டாம் தரம் சொன்னேன், அதற்கும் ஓம் என்றான். தாள் பறந்தது. அவன் எழும்பி யன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு இருந்து எழுதத் தொடங்கினான். வெளிச்சம் தாளில் விழுந்தது, தலை நிமிர்ந்திருந்தது. எனக்கு அங்கே வேறு வேலை இல்லை, ஆனால் கால் நகரவில்லை. அவன் முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியில் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

"கையை எடுங்கோ அண்ணன்," என்றான், எழுதுவதை நிறுத்தாமல். "வெளிச்சத்தை மறைக்குது."

எடுத்தேன்.